கல்லறைச் சுவருக்கு அப்பால்

தாந்தே தமது 'டிவைன் காமெடி'யில் நரகத்தின் முதல் வட்டமாக லிம்போவை அமைத்தார். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களும், கிறிஸ்துவை அறியாமலே வாழ்ந்து மறைந்த சான்றோரும் அங்கே இருக்கின்றனர். ஹோமரும் அரிஸ்டாட்டிலும் அங்கேதான் இருக்கிறார்கள். தாந்தேயை வழிநடத்தும் வர்ஜிலும் அங்கிருந்து வருபவரே. அவர்களுக்கு வதை இல்லை. கடவுளைக் காண்போம் என்ற நம்பிக்கையும் இல்லை. சிசுக்களைப் பொறுத்தவரை இது அன்றைய இறையியல் சொன்னதுதான். சான்றோரையும் அவர்களோடு சேர்த்துக்கொண்டது கவிஞரின் தாராளம்.

ஆனால் அதே காவியத்தின் மூன்றாம் பாகத்தில், 19ஆம் காண்டத்தில், தாந்தேயின் மனத்தில் நெடுங்காலமாக இருந்த ஒரு கேள்வி வெளியே வருகிறது. சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான். அங்கே கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை. மனித அறிவுக்கு எட்டியவரை அவன் சொல்லிலும் செயலிலும் குற்றமற்றவனாக வாழ்ந்து, ஞானஸ்நானம் இல்லாமல் இறந்துபோகிறான். அவனைத் தண்டிப்பது எந்த நீதி? தாந்தேக்கு நேரடியான பதில் கிடைக்கவில்லை. இறைவனின் நீதியை அளக்க நீ யார் என்ற கண்டிப்பே முதலில் கிடைக்கிறது. என்றாலும் அடுத்த காண்டத்திலேயே, கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னர் வாழ்ந்த திராய் நகரத்து வீரன் ரிஃபேயுஸைச் சொர்க்கத்தில் காட்டிவிடுகிறார். கேள்வியை அடக்கிய கையோடு கதவையும் சற்றுத் திறந்து வைத்துவிடுகிறார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

700 ஆண்டுகளுக்கு முன் ஓர் இத்தாலியக் கவிஞர் தமக்கு எட்டாத் தொலைவில் இருந்த ஓர் இந்தியனை உதாரணமாக எடுத்துக்கொண்டார். இந்தியாவில் பிறந்த கிறிஸ்தவர்களாகிய நமக்கு அவன் உதாரணம் அல்ல. அவன் நம்முடைய பாட்டன். பத்துத் தலைமுறையோ பதினைந்து தலைமுறையோ பின்னால் போனால் நம் எல்லோருடைய குடும்ப மரத்திலும் அவன்தான் இருக்கிறான். எனவே திருச்சபையின் இறுக்கமான போதனைகளைப் பற்றி நமக்கு எழும் கேள்வி, நூலகத்தில் உட்கார்ந்து எழுப்பும் இறையியல் ஐயம் அல்ல. வீட்டுக்குள் எழும் கேள்வி. எம் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி.

இந்தக் கேள்வியை எழுப்புகிறவர்களை விசுவாசம் குன்றியவர்கள் என்று ஒதுக்கும் வழக்கம் நம் பங்குகளில் இன்றும் உண்டு. நம் கருத்து இதற்கு நேர்மாறானது. மீட்புக்கு வெளியே யார் யார் என்று திருச்சபை கோடு கிழித்த இடங்களிலெல்லாம், கோட்டுக்கு அப்பால் நின்று அழுதவர்களே சரியாக உணர்ந்திருந்தார்கள். இறையியலாளர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்து சேர்ந்ததை, அழுதவர்களிடம் வாய்திறந்து சொல்லவில்லை என்பதே நம் மனக்குறை.

முதலில் சவேரியாரைப் பார்ப்போம். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதையும், ஜெபங்களைச் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போனதையும் 1544ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதினார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்ப் பைத்தியக்காரனைப் போலக் கூவி, உங்கள் சோம்பலால் எத்தனை ஆன்மாக்கள் நரகத்துக்குப் போகின்றன பாருங்கள் என்று கேட்கலாமா என்று தோன்றுவதாகவும் அதே கடிதத்தில் எழுதினார். இந்தக் கடற்கரையில் கால் தேய நடந்த அவருடைய அன்பை நாம் சந்தேகிக்கவில்லை. ஞானஸ்நானம் பெறாதவர்கள் அழிந்துபோவார்கள் என்று அவர் மெய்யாகவே நம்பினார், நம்பியதால் ஓடினார்.

பின்னர் அவர் ஜப்பானுக்குப் போனார். அங்கிருந்து திரும்பி 1552 ஜனவரியில் கொச்சியில் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. மனந்திரும்பிய ஜப்பானியர் அவரிடம் தங்கள் முன்னோர்களைப் பற்றிக் கேட்டார்கள். நரகத்தில் இருக்கும் எங்கள் தாய் தந்தையரை ஜெபத்தாலோ தானதர்மத்தாலோ மீட்க வழி உண்டா? இல்லை என்றார் அவர். அவர்கள் அழுதார்கள். மீண்டும் மீண்டும் கேட்டார்கள். மீண்டும் மீண்டும் அழுதார்கள். தாம் நேசித்த நண்பர்கள் பரிகாரம் இல்லாத ஒன்றுக்காக அழுவதைக் கண்டு தமக்கும் வருத்தமாக இருந்தது என்று சவேரியாரே ஒளிக்காமல் எழுதுகிறார்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒன்று தோன்றும். அந்த அறையில் இருந்த இரு தரப்பில் கடவுளைச் சரியாக அறிந்திருந்தவர்கள் யார்? நேற்று ஞானஸ்நானம் பெற்றவர்கள், புதிதாக அறிந்த கடவுள் தங்கள் தாய் தந்தையரைக் கைவிடக்கூடியவர் என்பதை ஏற்க முடியாமல் தவித்தார்கள். உலகின் சிறந்த பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துவந்தவரோ கைவிடுவார் என்றார். அவருக்குப் பின்னால் 1442ஆம் ஆண்டின் ஃபிளாரன்ஸ் பொதுச்சங்க ஆணை இருந்தது. திருச்சபைக்கு வெளியே இருந்து இறப்பவர்கள் யாராயினும் அழியா நெருப்புக்கே போவார்கள் என்று சொன்ன ஆணை அது.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய தனது கோட்பாட்டு ஏட்டில், தம் குற்றம் இன்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான நெஞ்சோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின்படி வாழ முயல்வோர் நிலைவாழ்வை அடைய முடியும் என்று அறிவித்தது. அதற்கு முன்னரே, திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொண்டிருந்த பாஸ்டன் நகரத்துக் குரு லெனர்ட் ஃபீனியின் விளக்கம் தவறு என்று 1949இல் உரோமை கடிதம் எழுதியது. அவர் கீழ்ப்படியாததால் 1953இல் திருச்சபையிலிருந்தே விலக்கப்பட்டார். வெளியே மீட்பில்லை என்று விடாமல் சொன்னவரே வெளியே நிறுத்தப்பட்டார். ஜப்பானியரின் கண்ணீருக்கும் வத்திக்கான் சங்கத்தின் வாக்கியத்துக்கும் இடையே 400 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

இனிச் சிசுக்களின் கதை. இது முன்னோர் கதையைவிடக் கடினமானது. முன்னோர் வாழ்ந்து முடித்தவர்கள். சிசு கண்கூடத் திறக்கவில்லை.

5ஆம் நூற்றாண்டில் பெலாஜியுசோடு வாதாடிய புனித அகுஸ்தினார், ஜென்மப் பாவம் எல்லோரையும் பற்றியிருக்கிறது என்ற தம் வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனார். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளும் தண்டனைக்கு உரியவர்களே. ஆனால் அவர்களுக்குரியது தண்டனைகளிலெல்லாம் மிக மென்மையானது என்றார். மென்மையான தண்டனை என்ற சொல்லில் அவருடைய தயக்கம் தெரிகிறது. 12ஆம் நூற்றாண்டில் அபெலார் அதை இன்னும் தணித்தார்: அவர்கள் கடவுளைக் காணமாட்டார்கள், அவ்வளவுதான், வேறு வேதனை இல்லை என்றார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், தாம் இழந்தது இன்னதென்று அவர்கள் அறியமாட்டார்கள், ஆகவே துன்பமும் அடையமாட்டார்கள் என்று மேலும் ஒரு படி இறங்கிவந்தார். எனவே லிம்போ என்பது கொடுமையின் கண்டுபிடிப்பு அல்ல. கடுமையான ஒரு முன்முடிவை விட்டுவிடவும் மனமில்லாமல், குழந்தையைச் சுட்டெரிக்கவும் மனமில்லாமல் நல்ல மனிதர்கள் கட்டிய இடைவழித் திண்ணை அது. இதை நாம் நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அறிஞர்களின் திண்ணை தாய்மாருக்குச் சுவராக ஆயிற்று. அயர்லாந்தில், ஞானஸ்நானம் பெறாத சிசுக்களைத் தகப்பன்மார் இருட்டில் கொண்டுபோய்ப் புதைத்த இடங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. கில்லீன் என்று அவற்றுக்குப் பெயர். கைவிடப்பட்ட பழைய கோயில் மேடு, வயல் எல்லை, கடற்கரை மணல் என்று யாருக்கும் உரிமையில்லாத இடங்கள். பெயர் எழுதாத கற்கள். பிரான்ஸ் நாட்டில் இறந்தே பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு சில திருத்தலங்களுக்கு ஓடுவார்கள். பீடத்தின்மேல் கிடத்தி ஜெபித்தால் ஒரு கணம் உயிர்க்குறி தோன்றும். அந்தக் கணத்துக்குள் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்ற நம்பிக்கை. உரோமை இதைக் கண்டித்தும் மக்கள் நெடுங்காலம் கைவிடவில்லை. குழந்தையை உயிர்ப்பித்து வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆசை அல்ல அது. நல்லபடியாகச் சாகவைக்கும் ஆசை. ஒரு போதனை தாயை அந்த நிலைக்குத் தள்ளுமானால், போதனையைப் பற்றிக் கேள்வி கேட்க வேறு தகுதி தேவையில்லை.

நம் ஊர்களுக்கு வருவோம். சாகும் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய சட்டம். குரு இல்லாவிட்டால் உபதேசியார் கொடுக்கலாம்; அவரும் இல்லாவிட்டால் தாதி கொடுக்கலாம். கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு, தண்ணீர் ஊற்றி, உரிய வார்த்தைகளைச் சொன்னால் போதும். ஆகவே நம் கிராமத்து இந்து மருத்துவச்சி ஒருத்தி, ஒரு கிறிஸ்தவக் குழந்தைக்கு மோட்ச வாசலைத் திறந்துவிட முடியும். பழைய போதனையின் கணக்குப்படி அந்த வாசல் வழியே அவள் மட்டும் உள்ளே போக முடியாது. இந்த முரணை ஞானோபதேச வகுப்பில் எந்தப் பிள்ளையும் கேட்டதாக நமக்கு நினைவில்லை. பழைய ஞானோபதேசப் புத்தகம் வினா விடையாக இருந்தது. விடையை மட்டுமல்ல, வினாவையும் புத்தகமே தந்துவிட்டது. பிள்ளைக்குத் தன் வினாவைக் கேட்க அதில் இடம் இல்லை.

எங்கள் தாய்வழிப் பாட்டிக்கு 1956இல் பிறந்த முதல் குழந்தை அன்று விடிவதற்குள் இறந்துபோனது. கோயில் இரண்டு மைல் தொலைவில் இருந்தது. மருத்துவச்சி கிறிஸ்தவர் இல்லை. தண்ணீர் ஊற்றலாம் என்பது அவருக்குத் தெரியாது, வீட்டில் யாருக்கும் அந்த நேரத்தில் தோன்றவுமில்லை. குழந்தை கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, உடைமர வேலியோரம் புதைக்கப்பட்டது. இதில் எந்தத் தனிமனிதரின் கொடுமையும் இல்லை. அப்போது நடப்பில் இருந்த 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1239ஆம் விதி, ஞானஸ்நானம் இல்லாதவருக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்றது. அப்படி மறுக்கப்பட்டவர்களைப் புதைக்க, கூடுமானால், தனியே அடைத்த இடம் ஒன்று இருக்கட்டும் என்றது 1212ஆம் விதி. சுவரோர மூலை நம் ஊர்க்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. சட்டப்படி அமைந்த மூலை.

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரியும் சாம்பிராணியும் மாலையுமாகத் தோட்டத்துக்குப் போகும். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வருவார். எங்கள் பாட்டி தாத்தாவின் கல்லறையில் திரி ஏற்றியபின், ஒரு திரியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ச் சுவரின் உட்புறத்தில், அந்த மூலைக்கு நேராக நட்டுவைப்பார். வெளியே நடுவது தப்பு என்று நினைத்திருக்கலாம். "பாலுகூடக் குடிக்காத பிள்ளைக்கு என்ன சாமி பாவம்?" என்று ஒருமுறை பங்குச் சாமியாரிடம் கேட்டாராம். அவர் லிம்போவைப் பற்றிப் பொறுமையாக விளக்கியிருக்கிறார். பாட்டி 1998இல் இறந்தார். கடைசிவரை அந்தப் பிள்ளையின் கணக்கு அவருக்குத் தீரவில்லை.

இப்போது ஆண்டுகளைக் கவனியுங்கள். ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைக்கான அடக்கத் திருப்பலி 1970ஆம் ஆண்டு உரோமைத் திருப்பலிப் புத்தகத்திலேயே வந்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்து, அதற்குள் குழந்தை இறந்துவிட்டால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கம் தரலாம் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1183ஆம் விதி சொல்லிவிட்டது. 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் லிம்போ என்ற சொல்லையே எடுக்காமல், அந்தக் குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைத்து, அவர்களுக்கும் மீட்பின் வழி உண்டு என்று நம்ப இடம் கொடுத்தது. மூன்றும் எங்கள் பாட்டியின் வாழ்நாளில் நடந்தவை. அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர். அந்த 28 ஆண்டுகளில் எந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலும் அவர் காதில் இது விழவில்லை.

2007 ஏப்ரலில் சர்வதேச இறையியல் ஆணையத்தின் ஆவணம் வெளிவந்தது. பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலோடு வெளியான அந்த ஆவணம், லிம்போ ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்பட்டதில்லை என்றது. மீட்பைப் பற்றிய அளவுக்கு மீறிய குறுகிய பார்வையை அது காட்டுவதாகச் சொன்னது. அக்குழந்தைகள் மீட்படைந்தார்கள் என்று உறுதியாகச் சொல்லாவிட்டாலும், அப்படி நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்றது. நல்ல ஆவணம்தான், அதன் அடக்கமும் நமக்குப் பிடித்தமானதே. ஆனால் அது இறையியலாளர்களுக்காக எழுதப்பட்டது. கோட்பாடு அல்ல, ஒரு கருத்து மட்டுமே என்று படித்தவர்கள் இன்று பிரித்துச் சொல்கிறார்கள். பாட்டி கேட்ட ஞானோபதேசத்தில் மூவொரு கடவுளும் லிம்போவும் ஒரே குரலில் சொல்லப்பட்டன. எது கோட்பாடு, எது கருத்து என்று சுவரில் எழுதியிருக்கவில்லை. சுவர் மட்டும் இருந்தது.

அதே மூலையில் இன்னொரு கூட்டமும் உறங்குகிறது. தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டவர்கள். தெளிந்த அறிவோடு அப்படிச் செய்தவர்களுக்கு அடக்கம் மறுக்கவேண்டும் என்றது 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1240ஆம் விதி. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் அவர்கள் இல்லை. 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல், கடுமையான மன உளைச்சலும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய நிலைவாழ்வைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் சொல்கிறது. அவர்களுக்காகத் திருச்சபை ஜெபிப்பதாகவும் சொல்கிறது. மனநோயைப் பற்றி மருத்துவம் கற்றுக்கொண்டதைத் திருச்சபையும் கற்றுக்கொண்டது. அதை மதிக்கிறோம். ஆனால் சுவரோரம் மகளை இழந்த தகப்பன் ஒருவன், இந்தப் பத்திகளை யாராவது தன் வீட்டுக்கு வந்து படித்துக் காட்டுவார்கள் என்று காத்திருந்தால், அநேகமாக இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பான்.

நமக்கு மறுமொழியாகச் சொல்லப்படுபவை மூன்று. மூன்றையும் நாம் அலட்சியப்படுத்தவில்லை.

திருச்சபையின் போதனை மாறுவதில்லை, வளர்கிறது என்பது முதலாவது. நியூமன் 1845இல் வெளியிட்ட நூலில் இதை மிக நுட்பமாக வாதிட்டார். விதைக்குள் இருந்ததே மரமாகிறது என்பது போன்ற வாதம். ஏற்றுக்கொள்வோம். வளர்ச்சி என்றே வைத்துக்கொண்டாலும், வளர்வதற்கு முந்திய காலத்தில் அந்த வளராமையின் விலையைச் செலுத்தியவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? வளர்ந்தவர் அவர்களைத் தேடிப்போய்ச் சொல்வது வளர்ச்சிக்குக் குறைவாகுமா?

எல்லோரும் மீட்படையலாம் என்றால் ஞானஸ்நானம் எதற்கு என்பது இரண்டாவது. பயத்தின் பேரில் மட்டுமே ஞானஸ்நானம் கொடுத்துவந்தோம் என்ற ஒப்புதல் இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. குழந்தைக்குப் பெயர் சூட்டுகிறோம். சூட்டாவிட்டால் தண்டனை வரும் என்றா சூட்டுகிறோம்? வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும் மகிழ்ச்சி போதாதா? தவிர, திருச்சபையே ஆண்டுதோறும் டிசம்பர் 28ஆம் தேதி ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளைப் புனிதர்களாகக் கொண்டாடுகிறது. அவர்கள் பெற்றது இரத்த ஞானஸ்நானம் என்று விளக்கம் உண்டு. தண்ணீருக்கு வெளியேயும் கடவுள் குழந்தைகளை எடுத்துக்கொள்வார் என்பதைத் திருச்சபையின் நாட்காட்டி அதன் பாடப்புத்தகத்துக்கு முன்பே அறிந்திருந்தது என்பதுதான் இதன் பொருள். இயேசு பரதீசை வாக்களித்த நல்ல கள்ளனும் ஞானஸ்நானம் பெற்றதாக எந்த நற்செய்தியும் சொல்லவில்லை.

கேள்வி கேட்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்பது மூன்றாவது. இதுதான் உண்மையான அச்சம். நாம் கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலைக் கேள்விக்கு உட்படுத்தவில்லை. அந்த உயிர்த்தெழுதலின் பலன் யாருக்கு இல்லை என்று மனிதர்கள் போட்ட பட்டியலைத்தான் கேட்கிறோம். வேதாகமத்துக்கு இந்த அச்சம் இருப்பதாகவும் நமக்குத் தெரியவில்லை. யோபு தன் நியாயத்தைக் கேட்டுக் கடவுளையே வழக்குக்கு இழுத்தான். அவனுடைய நண்பர்கள் கடவுளுக்காக வாதாடினார்கள். அவர்களுடைய இறையியல் இலக்கண சுத்தமாக இருந்தது. முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது நண்பர்களிடம்; தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்றார். கானானியப் பெண் ஒருத்தி தன் மகளுக்காக இயேசுவிடம் வந்தாள். சீடர்கள் அவளை அனுப்பிவிடச் சொன்னார்கள். இயேசுவும் முதலில் மறுத்தார். அவள் அவருடைய வார்த்தையைக் கொண்டே அவரோடு வாதாடினாள். அந்த வாதத்துக்கு இயேசு வைத்த பெயர் கலகம் அல்ல, விசுவாசம். பெற்ற பிள்ளைக்காக ஒரு தாய் கேட்ட கேள்வி அது என்பதை நாம் மறக்கலாகாது. நம் மண்ணுக்கு வந்ததாக மரபு சொல்லும் அப்போஸ்தலரும், காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற தோமையார்தான். பரங்கிமலையிலும் மயிலாப்பூரிலும் அவருக்குக் கோயில் கட்டி வைத்துக்கொண்டு, கேள்வி கேட்பவனைக் கோயிலுக்கு ஆகாதவன் என்பது நமக்கு அழகல்ல.

பழைய கதைகளை இப்போது கிளறுவானேன் என்று சிலர் கேட்கலாம். கோடு கிழிக்கும் வழக்கம் முடிந்துவிடவில்லை என்பதே காரணம். இன்று நம் குடும்பங்களில் இந்து மருமகளும் மருமகனும் இருக்கிறார்கள். அவர்கள் மீட்புக்கு வெளியே இருப்பவர்கள் என்று 1964க்குப் பிறகும் கூசாமல் பிரசங்கிக்கும் கூட்டங்கள் நடக்கின்றன. அதைக் கேட்டுவிட்டு வந்து பேரப்பிள்ளையின் தாயை வேறு கண்ணோடு பார்க்கும் பாட்டிமார் இருக்கிறார்கள். கணவனால் கைவிடப்பட்டு மறுமணம் செய்துகொண்ட பெண்கள் நற்கருணை வாங்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2016இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட குடும்பம் பற்றிய ஏட்டின் எட்டாம் அதிகாரம், அப்படிப்பட்டவர்களோடு பொறுமையாக உடன்நடந்து, அவரவர் நிலையைத் தேர்ந்து தெளியச் சொல்கிறது. அப்படி உடன்நடக்கப் பல பங்குகளில் யாரும் இல்லை. பின்வரிசைப் பெண்ணின் பேத்திக்கு 2060இல் ஓர் ஆவணம் வரக்கூடும். அதுவரை அவள் பின்வரிசையில் இருக்கவேண்டுமா?

2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி போப் இரண்டாம் ஜான்பால், திருச்சபையின் மக்கள் செய்த குற்றங்களுக்காகக் கடவுளிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். பெரிய காரியம் அது. சிசுக்களை இழந்த தாய்மாருக்கென்று தனியே ஒரு வேண்டுதல் அதில் இல்லை. உரோமையிலிருந்து அப்படி ஒன்று வரவேண்டும் என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. அயர்லாந்தில் அண்மைப் பத்தாண்டுகளில் பல ஊர்களில், அந்தப் பெயரற்ற கற்களிடையே நினைவுக்கல் நட்டு, குருக்கள் வந்து மந்திரித்து, முதிய சகோதர சகோதரிகள் முன்னிலையில் ஜெபம் சொல்லியிருக்கிறார்கள். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

நாம் கேட்பதும் இவ்வளவே. வருகிற நவம்பர் 2ஆம் தேதி ஒவ்வொரு பங்கிலும் சாமியார் தோட்டத்துக் கல்லறைகளை மந்திரித்து முடித்தபின், ஊர்ச் சனத்தோடு வாசல் வழியே வெளியே வந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு அந்த மூலைக்கும் போகட்டும். அங்கே தீர்த்தம் தெளிக்கட்டும். இங்கே புதைந்திருப்பவர்களைப் பற்றி முன்பு உங்களுக்குச் சொல்லப்பட்டதைத் திருச்சபை இப்போது சொல்வதில்லை என்று, பெண்களுக்கும் கிழவர்களுக்கும் விளங்கும் தமிழில், எல்லோர் காதிலும் விழும்படி ஒருமுறை சொல்லட்டும். சுவரை இடிப்பது பிறகு. அதற்குப் பொதுப்பணியும் செலவும் ஆகும். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.